சாய்த்து வைத்த ஆசனம்

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும், ஆபிரிக்காவின் கானா நாட்டுக்காரரின் மர ஆசனத்தைக் குப்பையில் போட்டவன் நான்தான். அவருடையது என்று தெரிந்துதான் போட்டேன். அவருடைய தாயார் இருந்த ஆசனம் என்பது மட்டும் அப்போது தெரியாது. பழி கீழ்வீட்டு ஜேர்மன் அம்மாவின் மேல் விழுந்தது. ஒரு குளிர்காலம் முழுவதும், மறு கோடை வரும்வரை, அது அவர் தலையிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

அப்படிச் செய்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை எழுதத்தான் எனக்கு அதிகம் கூச்சமாக இருக்கிறது. ஆசனத்தில் செதுக்கியிருந்த ஒரு குறியை நான் சூனியம் என்று நினைத்தேன்.

நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவன். நிறுவிக் காட்டாத எதையும் ஏற்காதே என்று கரும்பலகைக்கு முன்னால் நின்று சொன்னவன். ஜேர்மனிக்கு வந்த பிறகு என் கணிதத்துக்கு இங்கே வேலை இருக்கவில்லை. ஒரு பெரிய வெதுப்பகத்தில் பாண் தட்டுகளை அடுப்புக்குள் தள்ளியும் இழுத்தும் ஓய்வூதியம் வரை வந்து சேர்ந்தேன். ரூர் பக்கத்தில், நிலக்கரி எடுத்த காலத்தில் கட்டிய பழைய கட்டடம் ஒன்றின் நாலாம் மாடியில் மனைவியும் நானும் இருக்கிறோம். லிப்ட் கிடையாது. கல் படிகள்தான்.

கானாக்காரர் ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னைவிட ஒரு தலை உயரம். சிரித்தால் கீழ்த்தளம் வரை கேட்கும். படியில் எதிர்ப்பட்டால் ‘லேரர்!’ என்று கூப்பிடுவார். டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், அது வாத்தியார். நான் வாத்தியாராக இருந்தவன் என்று அவருக்கு யார் சொன்னது என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் எல்லாமே வேறு மாதிரிப் போயிருக்கும்.

ஒரு வசந்த காலத்தில் அவருடைய கதவுக்குப் பக்கத்தில் அந்த ஆசனம் வந்தது. ஒரே மரத்தில் குடைந்தது. இருக்கை நடுவில் பள்ளமாகி இரண்டு பக்கமும் மேலே வளைந்திருக்கும். கீழே தட்டையான அடிப்பலகை. இரண்டையும் இணைக்கும் நடுப்பகுதியில்தான் அந்தக் குறி. விசித்திரம் என்னவென்றால் ஆசனம் நிமிர்ந்து நிற்கவில்லை. அதைப் பக்கவாட்டில் சாய்த்து, சுவரோடு கிடத்தியிருந்தார். அப்படிக் கிடந்ததால் அந்தக் குறி படியேறி வருகிறவரின் முகத்தை நேரே பார்த்தது.

நாலு சுருள்கள். நடுவில் ஒரு சிறிய முடிச்சு. அதிலிருந்து மேலே இரண்டு, கீழே இரண்டு என்று உள்நோக்கிச் சுருண்ட கோடுகள். என் கண்ணுக்கு அவை நாலு பாம்புகள். செப்புத் தகட்டில் கீறி, வீட்டு வாசலிலோ வழியிலோ புதைத்துவிட்டுப் போகிற யந்திரங்களைப் பற்றிச் சின்ன வயதில் கேட்டதெல்லாம் எங்கிருந்தோ வந்து அந்தப் படிவளைவில் நின்றுகொண்டன.

அந்த வசந்தத்தில்தான் மனைவிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. வைத்தியர் இருதய வால்வு ஒன்று சரியாக மூடுவதில்லை என்றார். பெரிய மருத்துவமனையில் டெர்மின், அதாவது நாள் குறித்து, கிடைக்கும்வரை காத்திருக்கச் சொன்னார். நாங்கள் காத்திருந்த காலத்தில், உறவினர் ஒருவர் கனடாவில் தொலைபேசியிலேயே குறி சொல்கிற ஒரு அம்மாவின் இலக்கத்தைத் தந்தார். நான் எடுத்துப் பேசினேன். சும்மா கேட்டுப் பார்ப்போம் என்றுதான் எடுத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது பொய். நம்பித்தான் எடுத்தேன்.

“தம்பி, நீங்கள் ஏறிப் போற வழியிலை ஏதோ ஒண்டு கிடத்திக் கிடக்கு,” என்றார் அந்த அம்மா.

நாங்கள் ஏறித்தான் போகிறோம் என்று இவருக்கு எப்படித் தெரியும்? அதற்குச் சற்று முன்னால் லிப்ட் இல்லாத வீட்டைப் பற்றி அவரிடம் புலம்பியதே நான்தான் என்பது நெடுநாள் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. வழியில் கிடப்பது என்றால் செருப்பாகவும் இருக்கலாம், மிதியடியாகவும் இருக்கலாம். என் மனம் நேரே அந்தச் சுருள்களிடம் போனது.

இந்த ஊரில் பழைய தளவாடங்களை நடைபாதையில் போட்டு வைத்தால் நகரசபை லொறி வந்து அள்ளிக்கொண்டு போகிற நாள் ஒன்று உண்டு. இலையுதிர் காலத்தில், ஒரு திங்கட்கிழமை அந்த லொறி வரவிருந்தது. கானாக்காரர் ஒரு செத்தவீட்டுக்கு ஹம்பேர்க் போயிருந்தார். ஞாயிறு மத்தியானம் மனைவி படுத்திருந்த நேரம் நான் இறங்கிப் போனேன். வெறும் கையால் தொடப் பயந்து, இரண்டு கைகளிலும் கடைப் பைகளை மாட்டிக்கொண்டு அதைத் தூக்கினேன். நினைத்ததைவிடப் பாரம். கீழே யாரோ ஒரு மெத்தையும் கதவு கழன்ற அலுமாரியும் வைத்திருந்தார்கள். அவற்றுக்கு நடுவில் வைத்தேன். சாய்ந்து கிடந்தால் அந்தக் குறி மறுபடி என்னைப் பார்ப்பது போல இருந்ததால், நிமிர்த்தி வைத்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

மறுநாள் காலையில் லொறி அதை அலுமாரியோடு சேர்த்து நசுக்கியது. அந்தச் சத்தத்தை நான் யன்னலில் நின்று கேட்டேன்.

கீழ்த்தளத்து ஜேர்மன் அம்மா வழக்கம் போலக் கூட்டுகிற தும்புத்தடியோடு நின்று, எதை எடுக்க வேண்டும் என்று லொறிக்காரர்களுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். எங்கள் கட்டடத்தின் சட்டதிட்டங்களுக்கு அவர்தான் காவல். படியில் ஒரு சப்பாத்துச் சோடி கிடந்தாலும் “தீப்பிடித்தால் எப்படி ஓடுவது?” என்று கதவைத் தட்டுவார். கானாக்காரரின் ஆசனத்தைப் பற்றியும் அவர் கோடை முழுவதும் முறுமுறுத்திருந்தார். ஆகவே கானாக்காரர் திரும்பி வந்தபோது, குற்றவாளியைத் தேடி யாரும் அலைய வேண்டியிருக்கவில்லை.

அப்படியும் அவர் எல்லாக் கதவுகளையும் தட்டினார். எங்கள் கதவையும். மனைவி திறந்தார். நான் உள்ளே தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தேன்.

“லேரர்,” என்று அவர் அங்கிருந்தே கேட்டார். “என் அம்மாவின் ஆசனத்தைக் கண்டீரா?”

அப்போதுதான் எனக்கு அது தெரிந்தது.

“இல்லை,” என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று பின்னேரம் கீழே பெரிய சத்தம். அவர் கத்த, ஜேர்மன் அம்மா “நான் இல்லை, நான் இல்லை” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். வழக்கமாகப் பதினாறு பேருக்குப் பதில் சொல்லக் கூடிய வாய் அது. அன்று ஏனோ தடுமாறியது. நான் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினேன்.

அதற்குச் சில நாட்களுக்குப் பிறகு, கடையிலிருந்து வந்துகொண்டிருந்த மனைவி மூன்றாம் மாடிப் படியில், குளிர்ந்த கல்லில், பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நான் மேலேயிருந்து கண்டுவிட்டு ஓடிப் போனேன்.

“இதென்ன, கல்லிலை இருக்கிறீர்? குளிர் ஏறப்போகுது. எழும்பும்.”

“கொஞ்சம் பொறுங்கோ. மூச்சு வாங்குது.”

“மேலை போய் இருக்கலாம்தானே?”

“மேலை போக மூச்சு வேணுமே! முந்தியெண்டால் குட்டிக் கதிரை இருந்தது.”

“எந்தக் குட்டிக் கதிரை?”

“அந்த அண்ணையின்ரைதான். நான் படியிலை குந்தியிருக்கிறதை ஒருநாள் கண்டுபோட்டு, எனக்கெண்டுதான் வெளியிலை எடுத்து வச்சவர். ஒவ்வொரு நாளும் இதிலை இருந்துதானே நான் மேலை வாறனான். சில நேரம் அவரும் கதவைத் திறந்து கதைப்பார். உங்களைப் பற்றியும் கேட்பார். கணக்கு வாத்தியார் எண்டு நான்தான் சொன்னனான்.”

“எனக்கேன் சொல்லேல்லை?”

“சொன்னால் நீங்கள், கண்டவையின்ரை கதிரையிலை ஏன் போய் இருக்கிறீர் எண்டு கேட்பியள். அதான்.”

நான் அப்படித்தான் கேட்டிருப்பேன். மனைவியின் பையை வாங்கிக்கொண்டு அவருக்கு முன்னால் ஏறினேன். பின்னால் அவருடைய மூச்சுக் கேட்டது.

இந்த இடத்தில் நான் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக எனக்குள் வேறொன்று கிளம்பியது. அந்தக் குறி சூனியம் இல்லை என்றால், பிறகு என்ன? வியாதிக்காரி ஒருத்தி இருந்து இளைப்பாறட்டும் என்று வெளியே எடுத்து வைத்த ஆசனத்தில் எதைச் செதுக்கியிருப்பார்கள்? சொந்தக்காரரிடம் கேட்க எனக்கு வாயில்லை. கணினியில் தேடலாம்தான், பெயர் தெரியாத ஒன்றை எப்படித் தேடுவது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. பாண் பை ஒன்றைக் கிழித்து, நினைவிலிருந்து அதைப் பென்சிலால் கீறினேன். வடிவத்தில் பிழை வரவில்லை. வசந்தம் தொடங்கிப் பார்த்துப் பயந்த வடிவம் அல்லவா?

புகையிரத நிலையத்துக்குப் பின்னால் ஆபிரிக்கப் பெண்கள் தலைமயிர் பின்னுகிற கடை ஒன்று இருக்கிறது. முன்பக்கத்தில் வாழைக்காயும் மரவள்ளிக் கிழங்கும் விற்பார்கள்; நாங்களும் அங்கேதான் மரவள்ளி வாங்குவது. ஒருநாள் கிழங்குக்குப் போனவன் தலையைத் தூக்கிப் பார்த்தால், கடையின் பெயர்ப்பலகையின் மூலையில் அதே நாலு சுருள். இத்தனை வருடம் அதற்குக் கீழே நின்றுதான் கிழங்கு தெரிந்தெடுத்திருக்கிறேன்.

கடைக்கார அம்மாவிடம் பாண் பையை நீட்டினேன். அவர் ஒரு வாடிக்கைக்காரியின் தலையில் பின்னலை நடுவில் பிடித்தபடி எட்டிப் பார்த்தார்.

“இதற்கு என்ன அர்த்தம்?”

“பலம்,” என்றார் உடனே.

“பலமா?” என்று பின்னலுக்குள் இருந்த பெண் சீறினாள். “பணிவு!”

“பலம். என் கடை, என் பலகை.”

“உன் பலகையைப் போய் உன் பாட்டனிடம் கேள். பணிவு!”

பிறகு இரண்டு பேரும் தங்கள் பாஷையில் இறங்கினார்கள். கானாவின் அக்கான் மக்களின் பாஷை அது. நடுநடுவே சிரிப்பு. எனக்குப் பொழுதுபோயிற்று. கடைசியில் கடைக்காரம்மா என் பக்கம் திரும்பி அதன் பெயரைச் சொன்னார். ஜ்வெனிமென். நான் திருப்பிச் சொன்னதும் பின்னலுக்குள் இருந்த பெண் மறுபடி சிரித்தாள்.

“அது ஒரு மிருகம், அப்பா. உங்களுக்கு என்ன தெரிகிறது?” என்று கேட்டார் கடைக்காரம்மா.

“நாலு பாம்பு.”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பின்னல் கையைவிட்டு நழுவியது. “நாலு பாம்பாம்! பாம்பில் யார் அப்பா உட்காருவார்?” என்று கண்ணைத் துடைத்தார். “எங்கே கண்டீர்கள் இதை?”

“பக்கத்து வீட்டுக்காரருடைய ஆசனத்தில்.”

“அப்போ அவரிடமே கேளுங்கள். கிழங்கு எவ்வளவு வேண்டும்?”

பலம் என்றும் பணிவு என்றும் ஒரே குறிக்கு இரண்டு விடை. ஒரு கேள்விக்கு இரண்டு விடை வந்தால் ஒன்றில் கேள்வி பிழை, அல்லது இரண்டும் எங்கோ சந்திக்க வேண்டும். அந்த மாரிகாலம் முழுவதும் நான் அந்தப் பையைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன். மனைவி தேநீரோடு வந்து எட்டிப் பார்ப்பார்.

“யானைத் தும்பிக்கையோ?”

“நாலு தும்பிக்கை எப்பிடி வரும்?”

“ரெண்டு யானைக்கு?”

“அப்பவும் ரெண்டுதானே.”

“வாத்தியார் நீங்கள்தானே, கண்டுபிடியுங்கோ. அந்த அண்ணையின்ரை கதிரையிலை கிடந்த படம் மாதிரியும் இருக்கு. அவரையே கேளுங்கோவன்.”

நான் பையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மெதுவாக நடக்கிற இந்த ஆராய்ச்சி எனக்குப் பிடித்திருந்தது. அதில் இறங்கியிருக்கும்வரை, நான் செய்ததைப் பற்றி நினைக்கத் தேவையில்லை. ஆனால் படியில் கானாக்காரரைக் கண்டால் அந்தப் பை சட்டைக்குள் கனக்கும். அவர் இப்போது ‘லேரர்’ என்று உரக்கக் கூப்பிடுவதில்லை. தலையை மட்டும் அசைப்பார். என்மேல் சந்தேகமில்லை, மனம்தான் சரியில்லை என்று மனைவி சொன்னார். ஜேர்மன் அம்மா அவருடைய குரல் கேட்டால் கதவை மூடிக்கொண்டு உள்ளே போனார்.

எங்கள் முருகன் கோயில் இங்கே ஒரு பழைய களஞ்சியசாலைக்குள் இருக்கிறது. கோடைத் திருவிழாவுக்கு முன்னால் வாகனங்களைத் துலக்குகிற வேலை பல வருடங்களாக என்னுடையது. மயிலும் உண்டு, யானையும் உண்டு. என் கையில் அதிகம் பட்டது கிடாய் வாகனம்தான். முருகன் ஏறி வருகிற செம்மறிக் கிடாய். மரத்தில் செய்து, கொம்புகளுக்குப் பித்தளைத் தகடு அடித்தது. அந்தக் கொம்புகளின் ஒவ்வொரு வரியையும் நான் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறேன். திருவிழாவில் முன்தண்டில் தோள் கொடுத்து அதைச் சுமந்துமிருக்கிறேன்.

அந்த வருடம் வாகனத்தைத் துலக்கி முடித்த பிறகு, மேலே மின்குமிழ் மாலை கட்ட ஆள் போதாமல் என்னை ஏணியில் ஏற்றினார்கள். கோயில் காரியதரிசி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். கட்டிவிட்டு இறங்கலாம் என்று குனிந்தேன். என் காலுக்கு நேர் கீழே கிடாய் நின்றது. அதை நான் அதுவரை முன்னாலும் பக்கத்திலும் கீழேயுமிருந்துதான் பார்த்திருக்கிறேன். மேலேயிருந்து பார்த்ததில்லை. அங்கே உடம்பு தெரியவில்லை, கால் தெரியவில்லை. நடுவில் ஒரு சின்ன முடிச்சாக நெற்றி. அதிலிருந்து இரண்டு பக்கமும் உள்நோக்கிச் சுருண்ட இரண்டு கொம்பு.

“அண்ணை, என்ன? தலைச் சுத்தோ?” என்றார் காரியதரிசி.

“இல்லை. கொஞ்சம் பிடியுங்கோ.”

“பிடிச்சுக்கொண்டுதானே நிக்கிறன். இறங்குங்கோ. விழுந்து கிழுந்து போனால் திருவிழாவுக்கு ஆர் கிடாய் தூக்கிறது?”

நான் ஏணியின் நடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். சட்டைப் பையிலிருந்து அந்தப் பாண் பைத்துண்டை எடுத்து விரித்து, கையால் பாதியை மறைத்தேன். மறைக்காத பாதி எனக்குக் கீழே நின்றது. அதில் நாளை மறுநாள் சாமி ஏறப் போகிறார். அதுவும் ஒரு ஆசனம்தான். ஒன்றைப் புளி போட்டுத் துலக்கிய அதே கைகளில் கடைப் பைகளை மாட்டிக்கொண்டு, மற்றதைத் தூக்கிப் போய்க் குப்பையில் வைத்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சூனியமெண்டு நினைச்சனியளோ?”

“ஓம்.”

“கதிரைக்கும் சூனியத்துக்கும் வித்தியாசம் தெரியாமலோ இவ்வளவு காலமும் பிள்ளையளுக்குப் படிப்பிச்சனியள்?”

நான் பாண் பைத்துண்டை மடித்துச் சட்டைக்குள் வைத்தேன்.

“அந்தக் கீழ்வீட்டு மனுசி பாவம். நானும் அவவைத்தான் திட்டிக்கொண்டு இருந்தனான். போய்ச் சொல்லுங்கோ. நான் கூட வரமாட்டன், சொல்லிப்போட்டன். அந்த அண்ணையின்ரை முகத்தை என்னாலை பாக்க ஏலாது.”

அன்று பின்னேரமே மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினேன். அவர் திறந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்: ஆசனத்தை எடுத்துக் குப்பையில் வைத்தது நான், அந்தக் குறியைக் கெட்டது என்று நினைத்தேன், கீழ்வீட்டு அம்மாவுக்கு இதில் சம்பந்தமில்லை. டொச்சில் எங்கள் இருவருக்கும் ஒரே அளவு பிழைதான். ஆனாலும் இதைச் சொல்ல அதிகம் சொல் வேண்டியிருக்கவில்லை.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

“கீழே எப்படி வைத்தீர்? சாய்த்தா, நிமிர்த்தியா?”

எனக்கு விளங்கவில்லை. “நிமிர்த்தி.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “அம்மா இறந்த நாளிலிருந்து அது நிமிர்ந்து நின்றது உம்முடைய மனைவிக்கு மட்டும்தான். அவ எழும்பிப் போன உடனே நான் சாய்த்து வைத்துவிடுவேன். ஆசனத்தில் இருக்கிறவரின் உயிர் அதில் ஒட்டும். வெறுமையாக நிமிர்ந்து நின்றால் வழியில் போகிற எதுவும் வந்து அதில் உட்கார்ந்துகொள்ளும். நீர் அதைத் தெருவில் நிமிர்த்தி வைத்திருக்கிறீர், ஒரு இரவு முழுவதும்.”

கதவு மூடியது. அடித்து மூடவில்லை. மெல்லத்தான் மூடினார்.

எனக்குப் பயம் தந்த அந்தச் சாய்வு, கெட்டது எதுவும் அண்டக்கூடாது என்பதற்காகச் செய்தது. அதில் என் மனைவியின் உயிரையும் சேர்த்துப் பாதுகாத்திருக்கிறார். படியில் நின்று இதை விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

பிறகு கீழே போய் ஜேர்மன் அம்மாவிடமும் சொன்னேன். அவர் கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே கேட்டார். கேட்டு முடித்துச் சங்கிலியைக் கழற்றினார்.

“அன்று அது குவியலில் நிற்பதைக் கண்டேன்,” என்றார். “ஒரு வழியாகச் சட்டத்தை மதித்து அவரே கொண்டுவந்து வைத்துவிட்டார் என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன். அதனால்தான் அவர் கத்தியபோது என்னால் நன்றாகத் திருப்பிக் கத்த முடியவில்லை.” பிறகு குரலை நிமிர்த்திக்கொண்டார். “மன்னிப்பெல்லாம் சரி. இந்த வருடம் படிக்கட்டுக் கழுவுகிற என் முறையை நீங்கள் செய்யுங்கள். மூலைகளையும் சேர்த்து.”

மூலைகளையும் சேர்த்துக் கழுவினேன். மூன்றாம் மாடி வாசலைக் கழுவும்போது உள்ளே வானொலி கேட்கும், கதவு திறக்காது.

மயிர் பின்னுகிற கடைக்காரம்மாவிடம் போய் அதே குறி போட்ட ஒரு ஆசனம் வேண்டும் என்றேன். யாருக்கு என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. கானாவிலிருந்து கப்பலில் சாமான் வரும்போது சேர்த்து எடுப்பித்துத் தருவதாகச் சொன்னார். அது வருவதற்குள் மனைவிக்கு மருத்துவமனையில் டெர்மின் வந்து, வால்வையும் மாற்றிவிட்டார்கள். அவர் அங்கே இருந்த நாட்களில் ஒருமுறை நான் போனபோது கட்டிலருகே ஒரு பை தோடம்பழம் இருந்தது. யார் தந்தது என்று கேட்டேன்.

“கீழ்மாடி அண்ணை வந்தவர். உங்களைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை,” என்றார் மனைவி. அதைச் சொல்வதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது.

ஆசனம் வந்ததும் அதைச் சுமந்துகொண்டு படியேறி மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினேன். அவர் அதை வாங்கி, திருப்பி, விரலால் தட்டிப் பார்த்தார்.

“நல்ல மரம்,” என்று என் கையிலேயே திருப்பித் தந்தார். “ஆனால் நான் இதை எடுக்க மாட்டேன். அம்மாவின் இடத்துக்கு இன்னொன்று வராது, லேரர்.”

நீண்ட காலத்துக்குப் பிறகு அந்த ‘லேரர்’. நான் நின்றேன். திரும்பத் தூக்கிக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா என்று தெரியவில்லை. சும்மா நிற்க முடியாமல் அந்தக் குறியைக் காட்டினேன்.

“கிடாய்,” என்றேன். “மேலேயிருந்து பார்த்த கிடாய். கொம்புகள்.”

அவர் புருவத்தை உயர்த்தினார். “யார் சொன்னது?”

“நானே கண்டுபிடித்தேன். எங்கள் கோயிலில் ஒன்று நிற்கிறது.”

“எத்தனை கிடாய்?”

“ஒன்று.”

“அப்போ மிச்ச இரண்டு கொம்பும் யாருடையது? நீர் கணக்கு வாத்தியார்தானே?”

அவர் தன் பெரிய முஷ்டிகள் இரண்டையும் நெற்றிக்கு நெற்றியாக என் முகத்துக்கு முன்னால் முட்டிக் காட்டினார். “இரண்டு கிடாய். தலையைக் குனிந்து நேருக்கு நேர்.”

“சண்டை போடுகிறதா?”

“ஒரு முட்டில் உம்முடைய விலாவை உடைக்கும். அதே கிடாயை அறுக்கக் கொண்டுபோகும்போது பாரும், தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் வரும். பலமில்லாததால் இல்லை. இரண்டுக்கும் அது தலையை ஒரே மாதிரித்தான் குனியும்.”

அப்படியென்றால் கடையில் சண்டை போட்ட இரண்டு பெண்களும் சரி. செதுக்கியவர் கொம்புகளை மட்டும் காட்டியிருக்கிறார். அவை முட்டுகின்றனவா, பணிகின்றனவா என்பதை மேலேயிருந்து பார்க்கிறவர் சொல்ல முடியாது. நான் இதைச் சொல்லப் போனேன். அவர் அதற்குள் ஆசனத்தை என் கையிலிருந்து எடுத்துத் தன் கதவோரமாக, பழையது இருந்த இடத்தில், நிமிர்த்தி வைத்தார்.

“இது உம்முடைய மனைவிக்கு. இங்கே இருக்கட்டும். கீழ்வீட்டு அம்மாவிடம் நீர் கேளும்.”

கேட்டேன். ஜேர்மன் அம்மா மேலே வந்து, படியின் அகலத்தைத் தன் தும்புத்தடியால் அளந்து பார்த்து, சுவரோடு ஒட்டி இருந்தால் சரி என்றார். கானாக்காரர் கதவைத் திறந்து அவரிடம் டொச்சில் ஏதோ மெல்லச் சொன்னார். அவர் “சரி, சரி” என்று கையை வீசிவிட்டு இறங்கிப் போனார்.

மன்னித்தேன் என்று கானாக்காரர் இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மனைவிக்கு இப்போது முன்னைப் போல மூச்சு வாங்குவதில்லை. ஆனாலும் மூன்றாம் மாடியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் வருகிறார். களைப்பா என்று கேட்டால், இல்லை, கதைக்க என்கிறார்.

மனைவி மேலே வந்து கதவைச் சாத்திய பிறகு நான் சில நாட்களில் கைபிடியருகே போய் நின்று கீழே பார்ப்பேன். மூன்றாம் மாடிக் கதவு திறக்கும். கானாக்காரர் வெளியே வந்து, கஷ்டப்பட்டுக் குனிந்து, அந்த ஆசனத்தைப் பக்கவாட்டில் சாய்த்துச் சுவரோடு வைத்துவிட்டு உள்ளே போவார்.